புதன்கிழமை மாலைக் காட்சியை எங்களுக்குத் தாருங்கள்

யாழ்ப்பாணத்துத் திரையரங்கு உரிமையாளர்களுக்கும், படங்களைத் தருவிக்கும் விநியோகஸ்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வாரத்தில் ஒரு காட்சி வேண்டும். புதன்கிழமை மாலை ஆறரை மணிக் காட்சி போதும். வெள்ளியும் சனியும் ஞாயிறும் உங்களுடையவை. பொங்கலும் தீபாவளியும் உச்ச நட்சத்திரங்களுடையவை. அவற்றில் கைவைக்க நான் யார்? ஆனால் புதன்கிழமை மாலையில் உங்கள் மண்டபத்தில் எத்தனை இருக்கைகள் நிரம்புகின்றன என்பது உங்களுக்கும் தெரியும், வாசலில் கச்சான் விற்பவருக்கும் தெரியும். அந்த ஒரு காட்சியில் நல்ல பழைய படம் ஒன்றைப் போடுங்கள். இந்த நாட்டிலேயே எடுக்கப்பட்ட தமிழ்ப்படம் ஒன்றைப் போடுங்கள். பெரிய படங்களின் நெரிசலில் நசுங்கிப்போன புதிய படம் ஒன்றைப் போடுங்கள்.

"சனம் வராது" என்று சொல்வீர்கள். 2004இல் வந்த கில்லி 2024 ஏப்ரலில் மறுபடி வெளியானபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து வசனமெல்லாம் மனப்பாடமாகிவிட்ட படம் அது. காசு கொடுத்து அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள். தெரிந்த படத்தைப் பலரோடு சேர்ந்து பார்ப்பது தனிச் சுகம். அது விஜய்க்கு மட்டும் உரிய சலுகை என்று நீங்கள் நினைத்தால், 2025 நவம்பரில் நாயகன் மறுவெளியீடு கண்டதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாயகன் என்றதும் தக் லைஃப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணிரத்னமும் கமலும் 1987க்குப் பிறகு 2025இல்தான் மறுபடி சேர்ந்தார்கள். முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வரும் அந்தப் படத்தில், கமல் பனிமலையிலிருந்து விழுந்தும் பிழைத்து, சண்டைக்கலை பயின்று திரும்பிவந்து பழிவாங்குகிறார். பழையதில் பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும் தோட்டா தரணியின் தாராவியும் கமலின் நடிப்பும் தேசிய விருது வாங்கின. அந்தப் படத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேலு நாயக்கர் பேசாமல் நிற்கும் இடங்கள். பேரன் கேட்கும் அந்த ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதில் எவ்வளவு சிறியது! புதிய படத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் போட்டுப் பாருங்கள், விமர்சனமே தேவைப்படாது.

கூலியைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வந்தது, வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரப் பிள்ளைகளோடு போனேன், ரஜினி திரைக்கு வந்ததும் நானும் கைதட்டினேன். அந்த மனிதர் நடந்து வந்தாலே போதும் என்பது இன்னமும் உண்மைதான். ஆனால் லோகேஷ் கனகராஜ் கதையை வளர்ப்பதற்குப் பதிலாக விருந்தாளிகளை அழைத்துக்கொண்டே இருக்கிறார். இவருக்கு ஒரு அறிமுகம், அவருக்கு ஒரு அறிமுகம், கடைசியில் ஆமிர் கானுக்கும் ஒன்று. பந்தியில் சோறு வருவதற்குள் கை காய்ந்துவிடுகிறது.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் கங்குவா வெளியானபோது இரைச்சல் தாங்கவில்லை என்று முறைப்பாடுகள் கிளம்பின. ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்குமாறு திரையரங்குகளைக் கேட்டிருப்பதாகத் தயாரிப்பாளரே சொல்லவேண்டி வந்தது. அந்தச் செய்தி இங்கே வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பாட்டிமாரையும் கைக்குழந்தைகளையும் மண்டபத்துக்குள் உட்காரவைத்துவிட்டு நீங்கள் திருகுகிற திருகில் வசனம் ஒரு சொல்லும் விளங்குவதில்லை. அதோடு இன்னொன்று: எழுத்துகள் ஓடி முடியும்வரை மின்விளக்கைப் போடாதீர்கள். அந்தப் பெயர்களில் ஒன்று ஒருநாள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றினுடையதாக இருக்கும்.

மெய்யழகன் 2024 செப்டெம்பரில் வந்தது. ஒரே இரவில் இரண்டு ஆண்கள் பேசித் தீர்க்கும் படம். அரவிந்த்சாமியின் முகம் மெல்ல மெல்ல இளகுவதைப் பார்ப்பதற்கென்றே இரண்டாவது முறை போகலாம். போயிருந்தால் வேறு படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். வெளியான சில நாட்களிலேயே, நீளம் கூடிவிட்டது என்ற பேச்சுக்கு அஞ்சி, சுமார் 18 நிமிடங்களை எடுத்துவிட்டார்கள். சொந்த ஊரை விட்டுப் போனவன் திரும்பி வந்து ஒரு இரவு முழுவதும் கதை கேட்கிறான் என்பதுதான் படமே. அதில் பேச்சு கூடிவிட்டதாம்! எங்கள் வீடுகளில் கனடாவிலிருந்து வருகிற சித்தப்பா உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருப்பதில்லை. நீளத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

டூரிஸ்ட் ஃபேமிலிக்கு வருகிறேன். 2025 மே முதலாம் திகதி வந்த படம், அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். பொருளாதார நெருக்கடியில் வல்வெட்டித்துறையிலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கும் ஒரு குடும்பம். சசிகுமார், சிம்ரன், இரண்டு பையன்கள். பெட்ரோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்று களைத்த எங்களுக்கு, 2022ஐத் தமிழ்ப்படம் ஒன்று நினைவில் வைத்திருப்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. மண்டபத்தில் சிரித்தார்கள், அழுதார்கள், நானும் அழுதேன். சின்னப் பையனாக வருபவன் எல்லோரையும் விழுங்கிவிடுகிறான். ஆனால் வீடு திரும்பும்போதே ஒரு நெருடல் தொடங்கிவிட்டது. அந்தக் குடும்பம் ஏன் அவ்வளவு நல்ல குடும்பமாக இருக்கிறது? கோபம் இல்லை, பொறாமை இல்லை, கசப்பு இல்லை. சென்னையில் ஒரு தெருவுக்குப் போகிறார்கள். அந்தத் தெருவில் உள்ள ஒவ்வொருவரின் புண்ணுக்கும் மருந்து போடுகிறார்கள். ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு அகதி முதலில் புனிதனாக வேண்டும் போலிருக்கிறது. 1983இலிருந்து தமிழகத்து முகாம்களில் இருப்பவர்களுக்கு அந்தத் தெருவில் இடமே இல்லை. நல்ல படம்தான், மனம் நிறைந்து சொல்கிறேன். ஆனால் எங்களைப் பற்றிய கதையை எங்களை விருந்தாளியாக வைத்தே சொல்ல முடிகிறது என்றால், எங்கள் வீட்டுக்குள்ளிருந்து சொன்ன படங்கள் எங்கே என்ற கேள்வி வரத்தானே செய்யும்?

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைத் திரையிடும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

2024 ஓகஸ்ட் 23ஆம் திகதி தமிழகத்தில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று மாரி செல்வராஜின் வாழை. மற்றது பி.எஸ். வினோத்ராஜின் கொட்டுக்காளி. இரண்டாவதைப் பார்க்க எனக்கு வாய்த்தது மடிக்கணினித் திரைதான். அந்தக் குறை இன்னும் ஆறவில்லை. படத்தில் பின்னணி இசையே கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பிவிட்ட மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, சாமியாடி ஒருவரிடம் அவளைக் கூட்டிப்போகிறார்கள். ஆட்டோவில் பெண்களும் கட்டிப்போட்ட ஒரு சேவலும், மோட்டார் சைக்கிள்களில் ஆண்களும் போகிறார்கள். தொண்டை கட்டிப்போய்க் கழுத்தில் சுண்ணாம்பு பூசிய சூரி, குரலே எழாத நிலையிலும் அதட்டிக்கொண்டிருக்கிறார். சுற்றியிருப்பவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவள் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. வழியை மறித்து ஒரு காளை நிற்கிறது. இத்தனை ஆண்கள் நின்றும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிறுமி வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான் காட்சி. அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. இந்தப் படத்துக்கு ஒலிதான் உயிர்: என்ஜின், சருகு, மூச்சு. நீங்கள் இலட்சக்கணக்கில் செலவழித்துப் பொருத்திய ஒலிபெருக்கிகளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

இதே கதையை யாழ்ப்பாணம் 1977இலேயே எடுத்துவிட்டது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. பொன்மணி. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ; அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். எழுத்து காவலூர் ராஜதுரை. சீதனம் சேர்க்க முடியாமல் குமர்ப்பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பம், அந்த வீட்டுப் பெண் ஒருத்தி சாதி கடந்து ஒருவனோடு போய்விடுவது, அதற்கு அவள் கொடுக்கும் விலை. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போனவர்களுக்குப் படம் மெல்ல நகர்வதாகத் தெரிந்தது, ஓடவில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு சிங்களக் கலைஞர் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்து, நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்ளாத ஒன்றைப் படமாக்கினார். அந்த எரிச்சலும் படம் ஓடாததற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். முதற்புதன் பொன்மணி, அடுத்த புதன் கொட்டுக்காளி. சாதியைப் பற்றி இந்த ஊரில் நடக்கும் எந்தக் கருத்தரங்கையும்விட அந்த இரண்டு மாலைகள் அதிகம் செய்யும். கருத்தரங்குக்குப் போகாதவர்களும் படத்துக்கு வருவார்கள், அதுதான் வித்தியாசம்.

பொன்மணி தனியாக நிற்கவும் இல்லை. கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்த குத்துவிளக்கு 1972இல் வந்தது. செங்கை ஆழியானின் நாவல் 1978இல் வாடைக்காற்று என்ற அதே பெயரில் படமானது. வானொலியில் எல்லோரையும் சிரிக்கவைத்த நாடகம் ஒன்று 1976இல் கோமாளிகள் ஆகித் திரைக்கு வந்து வெற்றியும் பெற்றது. இந்தியப் படங்களின் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில், கிடைத்த இடைவெளியில் முளைத்தவை இவற்றில் பல. எல்லாமே கலைப்படைப்புகள் என்று வாதாட நான் தயாரில்லை. சிலவற்றில் நடிகர்கள் மேடையில் நிற்பதுபோலவே நிற்கிறார்கள். சிலவற்றில் கோடம்பாக்கத்து நிழல் விழுந்துகொண்டே இருக்கிறது. இருந்தாலும் எங்கள் வேலியும் ஒழுங்கையும் கிணற்றடியும் திரையில் தெரிகின்றன. 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதோடு எரிந்த படச்சுருள்களுக்கு மொழி பேதம் இருக்கவில்லை. எஞ்சியவற்றில் சில மங்கலான பிரதிகளாக ஆங்காங்கே கிடக்கின்றன.

இப்போது 1978ஆம் ஆண்டுக்கு ஒருமுறை திரும்புங்கள். வாடைக்காற்று வந்த அதே ஆண்டில்தான் சுமித்ரா பீரிஸின் கெஹெனு லமாய் வந்தது. அந்தச் சிங்களப் படம் செப்பனிடப்பட்டு 2025இல் கான் திரைப்பட விழாவில் புத்தம்புதிதாகக் காட்டப்பட்டது. எனக்குப் பொறாமை இல்லை. அழகான படம், அதற்கு அந்த மரியாதை தகும். ஆனால் ஒரு படத்தைத் தேடிப் பிடித்துச் செப்பனிட யாராவது முன்வரவேண்டுமானால், அதைப் பார்க்க ஒரு கூட்டம் இருக்கிறது என்பது முதலில் தெரியவேண்டும். அந்தக் கூட்டத்தை உங்கள் மண்டபத்தில்தான் எண்ணிக் காட்ட முடியும்.

"பழையவை சரி, புதிதாக இங்கே யார் எடுக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அசோக ஹந்தகமவின் இனி அவன் 2012இல் கான் வரை போனது; யாழ்ப்பாணத்தில் நடக்கும் கதை, தமிழில் பேசும் படம். போராளியாக இருந்தவன் ஊருக்குத் திரும்புகிறான். ஊர் அவனை முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை. அதில் நடித்த தர்ஷன் தர்மராஜ் 2022இல் இளவயதிலேயே காலமானார். அவருக்கு அஞ்சலியாகவேனும் ஒரு காட்சி போட்டிருக்கலாம். மதிசுதா, பொதுமக்களிடம் பணம் சேர்த்து, ஐபோனிலேயே ஒரு முழுநீளப் படத்தை எடுத்தார். வெந்து தணிந்தது காடு என்பது பெயர். பாரதியிடமிருந்து அதே வரியைக் கௌதம் மேனனும் எடுத்துக்கொண்டார். விளைவு, இணையத்தில் எங்கள் படத்தைத் தேடினால் சிம்பு வந்து நிற்கிறார். இளங்கோ ராம் சிங்களத்தில் எடுத்த டென்டிகோவைத் தமிழகம் அழைத்து, பெருசு என்று அவரையே திரும்ப எடுக்கவைத்தது. 2025 மார்ச்சில் அது வெளியானபோது, இது நம் நாட்டில் பிறந்த கதை என்று உங்கள் சுவரொட்டியில் ஒரு வரி சேர்த்திருந்தால் பத்துப்பேர் கூடுதலாக வந்திருப்பார்கள்.

2015இலிருந்து இங்கே யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. நன்றி சொல்லவேண்டிய முயற்சி. ஆனால் விழா சில நாட்களில் முடிந்துவிடும். நான் கேட்பது வாராந்தப் பழக்கம்.

பழைய தமிழகப் படங்களில் எதை எடுப்பது என்று தடுமாறவேண்டாம். வீடு என்ற படத்திலிருந்து தொடங்குங்கள். 1988இல் பாலு மகேந்திரா எடுத்தது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். கண்டிப் பக்கத்து மலைநாட்டில் டேவிட் லீன் படப்பிடிப்பு நடத்தியதைச் சிறுவயதில் பார்த்து, இதுதான் என் தொழில் என்று தீர்மானித்தவர். அந்தப் படத்தில் அர்ச்சனா ஒரு வீடு கட்டுகிறார், வேறொன்றும் நடப்பதில்லை. கடன், சீமெந்து, ஒப்பந்தகாரரின் ஏமாற்று, மழை. பாதி எழும்பிய சுவர்களைத் தாத்தா தனியாகப் போய்த் தொட்டுத் தடவிப் பார்க்கிறார். எல்லாம் முடியும் நேரத்தில் அந்தக் காணி அரச திணைக்களம் ஒன்றுக்கு உரியது என்று தெரியவருகிறது. சென்னையில் இதை நடுத்தர வர்க்கத்தின் துயரம் என்று எழுதினார்கள். இதே படத்தை வலிகாமம் வடக்கு மக்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில் போட்டுப் பாருங்கள். போரினால் 1990இல் வெளியேறி, காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தங்கள் கிணற்றைப் பார்த்தவர்கள் அவர்கள். அர்ச்சனா அந்த அலுவலகத்தில் நிற்கும் காட்சியில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீடு, சந்தியா ராகம் இரண்டின் மூலச்சுருள்களும் அழிந்துவிட்டன என்று பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் வருந்தினார். அழிந்தது எரிப்பினால் அல்ல, கவனிப்பின்மையால்.

உதிரிப்பூக்கள் (1979) கட்டாயம். மகேந்திரனின் அந்தக் கடைசி ஆற்றங்கரைக் காட்சியில் ஊரே கூடி ஒரு கெட்டவனைத் தண்டிக்கிறது. தான் செய்த பாவங்களிலேயே பெரியது உங்களையும் என்னைப்போல ஆக்கிவிட்டதுதான் என்ற பொருளில் அவன் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போகிறான். இந்த மண்ணில் அதைப் பார்ப்பவர்களுக்கு அது கிராமத்துக் கதையோடு நின்றுவிடாது. அந்த நாள் (1954) பாட்டே இல்லாத படம். ஜப்பானியக் குண்டு சென்னையில் விழுந்த நாட்களில் நடக்கும் கொலை. அதில் சிவாஜி ஒரு துரோகி. கொலைகாரர் யார் என்பதை எழுபது ஆண்டு கழித்தும் நான் சொல்லமாட்டேன். தில்லானா மோகனாம்பாளை நல்லூர்த் திருவிழா நாட்களில் போடுங்கள். கூடவே, தவில் மேதை தட்சணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த, இந்தியத் தேசிய விருது பெற்ற ஆவணப்படத்தையும் சேருங்கள். நாதஸ்வரமும் தவிலும் என்னவென்று தெரிந்த சபை உலகத்திலேயே அந்த இருபத்தைந்து நாளில் இங்கேதான் இருக்கும். எம்.ஜி.ஆர். படங்களில் எனக்குப் பொறுமை குறைவு. என் மச்சான் இதற்காக என்னோடு பல நாட்கள் கதைக்காமல் இருந்திருக்கிறார். அவருக்காக நாடோடி மன்னனையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். ரீகல், வெலிங்டன், வின்சர், ராணி, மனோகரா, லிடோ, சாந்தி, ஸ்ரீதர் என்று மூத்தவர்கள் பெயர்களை அடுக்கும்போது உங்களுக்கு எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்தில் கலரி டிக்கெட் எவ்வளவு என்ற கதை உங்கள் மின்கட்டணத்தைக் கட்டாது. ஆகவே இலவசமாகக் கேட்கவில்லை. புதுப்பட விலையையே வையுங்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும் பாதி விலை. திரையிடல் உரிமையை முறைப்படி வாங்குங்கள். யூடியூபிலிருந்து இறக்கிப் போடுவதானால் எனக்கு இந்தக் காட்சியே வேண்டாம். இயக்குநர் உயிரோடும் அருகிலும் இருந்தால் படம் முடிந்ததும் அவரைப் பேசவிடுங்கள். பிரமுகர்களை மாத்திரம் மேடையேற்றாதீர்கள். பொன்னாடை போர்த்துவதற்குள் கடைசிப் பஸ் போய்விடும்.

ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். ஒவ்வொரு புதனும் முன்பதிவு செய்ய ஆசிரியர்களும் வாசகர் வட்டத்து நண்பர்களுமாக நாங்கள் ஒரு கூட்டம் இருக்கிறோம். முதல் மாதத்துக்குரிய டிக்கெட் பணத்தை முன்கூட்டியே தரவும் ஆயத்தம். நட்டம் வந்தால் ஏழாம் மாதம் அந்தக் காட்சியை நீங்களே திரும்ப எடுத்துக்கொண்டு விரும்பிய படத்தைப் போடுங்கள். எந்தப் படத்தில் தொடங்குவது என்பதில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு: பொன்மணிதான் முதலில்.

இங்ஙனம்,
கோண்டாவிலிலிருந்து ஒரு திரைப்பட ரசிகன்